காய்ந்த லேனுக்கு யூரித்தேன் பந்து: எப்போது சரிவரும், எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவர் டென்பின் பவுலிங் ஆடுபவர், அதாவது எண்ணெய் பூசிய நீண்ட லேனில் பந்தை உருட்டி, பின் எனப்படும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு; வலது கை ஆட்டக்காரர். பந்தின் வேகம் மணிக்கு 15 மைல் அளவில் இருக்கிறது, சுழற்சி நிமிடத்துக்கு 300 சுற்று அளவில். கையில் நடுத்தர வலுவுள்ள ரியாக்டிவ் பந்து ஒன்றும் ஸ்பேருக்காக (முதல் வீச்சில் நின்றுபோன பின்களை இரண்டாம் வீச்சில் சாய்க்க) ஒரு பிளாஸ்டிக் பந்தும் இருக்கின்றன. லேன் எண்ணெய் தீர்ந்து காய்ந்து கிடப்பதால் ரியாக்டிவ் பந்து கட்டுக்கு அடங்காமல் வளைந்து, முன்னால் நிற்கும் தலைப் பின்னைத் தாண்டி இடது பக்கம் போய்விடுகிறதாம். எல்லோரும் யூரித்தேன் ஓடு கொண்ட பந்தை வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது, பளபளப்பானதா சொரசொரப்பானதா, நண்பர் ஒருவர் விற்கும் பழைய யூரித்தேன் பந்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘காய்ந்த லேன் என்றால் யூரித்தேன்’ என்பது பாதி உண்மைதான். லேனின் எந்தப் பகுதி காய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் யூரித்தேன் வாங்குபவர்களில் பலர், இப்போது இருப்பதைவிட மோசமான நிலைக்குப் போய் நிற்கிறார்கள். லேனின் பின்பகுதி, அதாவது பின்களை ஒட்டிய பகுதி, காய்ந்திருந்தால் யூரித்தேனைப் போல அருமையான பந்து கிடையாது. முன்பகுதி காய்ந்திருந்தால் அதே பந்து பின்னைச் சேர்வதற்குள் சோர்ந்துவிடும். இந்த வேறுபாடு புரிந்தால் போதும், எந்தப் பந்து என்ற கேள்விக்குப் பாதி விடை தானாகவே கிடைத்துவிடும்.

ஏன் அப்படி? பந்தை விடும் எல்லைக்கோடான ஃபவுல் லைனிலிருந்து தலைப் பின் வரை 60 அடி. சாதாரண ஹவுஸ் பேட்டர்னில் (பவுலிங் கூடங்களில் வழக்கமாக எண்ணெய் பூசும் விதம்) ஏறத்தாழ முதல் 40 அடிக்கு எண்ணெய் இருக்கும், மீதி 20 அடி வெறும் லேன். பந்து முதலில் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் உராய்வு கிடைத்ததும் வளையத் தொடங்கும். கடைசியில் வளைவு முடிந்து, நேராக உருண்டு பின்னை அடிக்கும். வழுக்கல், வளைவு, உருளல் என்ற இந்த மூன்று கட்டங்களும் சரியான இடங்களில் நடந்தால்தான் பந்து வலுவாகப் பாக்கெட்டுக்குள், அதாவது தலைப் பின்னுக்கும் அதன் வலது பக்கத்துப் பின்னுக்கும் இடையே, நுழையும். காய்ந்த லேனில் வழுக்கும் தூரம் சுருங்கிவிடும். வளைவு சீக்கிரமே தொடங்கிச் சீக்கிரமே முடிந்துவிடும். பின்னுக்கு வரும்போது பந்திடம் சுழற்சியின் மிச்சம் எதுவும் இருக்காது. பார்ப்பதற்குப் பெரிதாக வளைந்த பந்து ஏன் மூன்று பின்னை நிற்கவைத்துவிட்டுப் போகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இங்கே பந்தின் மேல் ஓடு என்ன பொருளால் ஆனது என்பது முக்கியமாகிறது. ரியாக்டிவ் என்பதும் அடிப்படையில் யூரித்தேன்தான். அதில் சேர்க்கப்படும் கூட்டுப்பொருள்களால் மேற்பரப்பில் நுண்ணிய துளைகள் உருவாகின்றன, அந்தத் துளைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன. ஓட்டிலும் ஒருவித ஒட்டும் தன்மை வந்துவிடுகிறது. அதனால் ரியாக்டிவ் பந்து எண்ணெயில் நன்றாக வழுக்கும், காய்ந்த இடத்தைத் தொட்டதும் சட்டென்று திரும்பும். சாதாரண யூரித்தேன் எண்ணெயை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அதன் பிடி பெரும்பாலும் மேற்பரப்பின் சொரசொரப்பிலிருந்து வருகிறது. ஆகவே எண்ணெய்க்கும் காய்ந்த இடத்துக்கும் அது காட்டும் வித்தியாசம் குறைவு. முன்னாலேயே மெதுவாகப் பிடிக்கத் தொடங்கி, நீண்ட ஒரே சீரான வில்லாக வளைந்து வரும், திடீர்த் திருப்பம் இருக்காது.

‘யூரித்தேன் குறைவாக வளையும் பந்து’ என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஏஎம்எஃப் ஆங்கிள் போன்ற யூரித்தேன் பந்துகள் வந்தபோது அதுவரை இருந்த பிளாஸ்டிக், ரப்பர் பந்துகளோடு ஒப்பிட்டால் அவைதான் மிக அதிகமாக வளைந்தவை. வலுவான ஹூக் (வளைவு) வேண்டும் என்பவர்கள் அதைத்தான் வாங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் வந்த பிறகுதான் யூரித்தேன் ‘அடக்கமான’ பந்து என்று பெயர் வாங்கியது. அந்த அடக்கம் மொத்த வளைவிலும், முக்கியமாகப் பின்பகுதித் திருப்பத்திலும்தான். முன்பகுதியில், சொரசொரப்பாகத் தேய்த்த யூரித்தேன் பந்து பளபளப்பான ரியாக்டிவைவிட முன்னதாகவே லேனைப் பிடித்துவிடும்.

சரி, உங்கள் லேன் எங்கே காய்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், உங்கள் பிளாஸ்டிக் பந்தே போதும். ஸ்பேருக்குப் போடுவது போல நேராக விடாமல், ஸ்ட்ரைக்குக்கு (பத்துப் பின்னையும் ஒரே வீச்சில் சாய்க்க) போடும் அதே கையசைவோடு, அதே கோட்டில் அந்தப் பந்தைப் போட்டுப் பாருங்கள். ஒழுங்காக எண்ணெய் இருக்கும் லேனில் பிளாஸ்டிக் பந்து கடைசிவரை கிட்டத்தட்ட நேராகத்தான் போகும், இறுதியில் லேசாக அசையலாம். உங்கள் பிளாஸ்டிக் பந்து லேனின் நடுவிலேயே வளையத் தொடங்கினால் முன்பகுதியில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நடுவரை அமைதியாகப் போய்க் கடைசி 15, 20 அடியில் மட்டும் கொஞ்சம் திரும்பினால் முன்னால் எண்ணெய் இருக்கிறது, பின்னால்தான் உராய்வு அதிகம். திரும்பி வரும் பிளாஸ்டிக் பந்தின் மேல் எண்ணெய்க் கோடுகள் எவ்வளவு தெளிவாகப் படிந்திருக்கின்றன என்பதையும் உடனே பாருங்கள். பிளாஸ்டிக் எண்ணெயை உறிஞ்சாது, அதனால் அது பொய் சொல்லாது.

ரியாக்டிவ் பந்தையும் கவனியுங்கள். லேனில் வரைந்த அம்புக்குறிகளான ஆரோக்கள் 12 முதல் 16 அடிக்குள் இருக்கின்றன. ஆரோவைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே பந்து பக்கவாட்டில் நகரத் தொடங்கினால் அது முன்பகுதிக் காய்ச்சல். 40 அடி வரை பேசாமல் போய்விட்டு, அப்புறம் கூர்மையாக முறித்துக்கொண்டு தலைப் பின்னுக்கு இடது பக்கம் பாய்ந்தால் அது பின்பகுதிக் காய்ச்சல். இரண்டிலும் பந்து இடது பக்கம்தான் போகும், அதனால் ஸ்கோரைப் பார்த்து வேறுபாட்டைச் சொல்ல முடியாது. பந்தின் பாதையை 60 அடியும் கண்ணால் தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும். நிறையப் பேர் பந்தை விட்டதும் நேராகப் பின்னைப் பார்த்துவிடுகிறார்கள். சில வீச்சுகளுக்காவது பின்னை மறந்துவிட்டு நடு லேனைப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது. ஹவுஸ் பேட்டர்னில் நடுவில் எண்ணெய் அதிகமாகவும் இரு ஓரங்களில் குறைவாகவும் போடுவார்கள். லேனின் அகலம் 39 போர்டுகள் (நீளவாக்கில் ஓடும் பலகைப் பட்டைகள்). வலது ஓரத்தில், 10-ஆம் போர்டுக்கு வெளியே மட்டும் காய்ந்திருந்தால் அதைக் காய்ந்த லேன் என்றே சொல்ல முடியாது, அதுதான் அந்தப் பேட்டர்னின் இயல்பு. நிற்கும் இடத்தையும் குறியையும் இடது பக்கம் நகர்த்தி எண்ணெய்க்குள் ஆடினால் உங்கள் இப்போதைய பந்தே சரியாக வந்துவிடலாம். பந்து வாங்குவதற்கு முன்னால் இதை மனமாரச் செய்து பாருங்கள். கால்களை நான்கு ஐந்து போர்டு இடது பக்கம், குறியை இரண்டு மூன்று போர்டு இடது பக்கம். அதற்கும் அடங்கவில்லை என்றால் இன்னும் இடது பக்கம். கூடவே பந்தைக் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊசலாடவிட்டு வேகத்தைக் கூட்டலாம், பக்கவாட்டுச் சுழற்சியைக் குறைத்து பந்தின் பின்னால் கையை வைத்து விடலாம். இவையெல்லாம் செய்தும் பாக்கெட்டைப் பிடிக்க முடியவில்லை என்றால்தான் பந்தை மாற்றும் நேரம் வந்திருக்கிறது.

இப்போது தேர்வுக்கு வருவோம். முன்பகுதி காய்ந்திருக்கிறது என்று பிளாஸ்டிக் பந்து சொல்லிவிட்டால், உங்களுக்கு நான் யூரித்தேனைச் சிபாரிசு செய்யமாட்டேன். மணிக்கு 15 மைல் வேகத்துக்கு 300 சுழற்சி என்பது சுழற்சியின் பக்கம் லேசாகச் சாய்ந்த விகிதம். வேகம் மிக அதிகமில்லை, ஆகவே பந்து லேனோடு செலவழிக்கும் நேரம் அதிகம். அந்த நேரம் முழுக்க யூரித்தேன் உராய்ந்துகொண்டே இருக்கும். 45 அடிக்குள் உருளத் தொடங்கிவிட்ட பந்து பாக்கெட்டை அடித்தாலும் பக்கவாட்டில் தள்ளப்பட்டுவிடும். பந்து பாக்கெட்டுக்குள் நுழையும் கோணம் 6 டிகிரியை ஒட்டி இருந்தால் ஸ்ட்ரைக் விழும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கும், 4-க்குக் கீழே போகப் போகக் குறையும். காய்ந்த முன்பகுதியில் யூரித்தேன் போடுபவர்களுக்கு 10-ஆம் பின் அடிக்கடி நிற்கும். 6-ஆம் பின் அதைச் சுற்றி வந்து தட்டாமல் லேன் ஓரத்துக் கால்வாயான கட்டருக்குள் சோம்பலாகச் சாய்ந்துவிடும். இன்னும் மோசமாகப் போனால் 8-10 பிளவு, அதாவது 8-ஆம் பின்னும் 10-ஆம் பின்னும் தள்ளித் தள்ளி நிற்கும். பாக்கெட்டில் சரியாகத்தானே அடித்தேன் என்று தோன்றும். அடித்த இடம் சரி, பந்தில் தெம்பு இல்லை.

அப்படிப்பட்ட லேனுக்கு, வலுக் குறைந்த கோர் (பந்தின் உள்ளே இருக்கும் எடைக்கட்டி) உள்ள, பளபளப்பாக மெருகேற்றிய பேர்ல் (முத்துப் போல மினுங்கும் ஓடு கொண்ட) ரியாக்டிவ் பந்து நல்லது. ஸ்டார்ம் டிராபிக்கல் சர்ஜ், பிரன்ஸ்விக் ரைனோ போன்ற தொடக்கநிலைப் பந்துகள் இந்த இடத்தில் மிக நன்றாக உழைக்கும். விலை குறைந்த பந்து என்பதால் இவற்றை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெருகு இருப்பதால் முன்பகுதியைத் தாண்டி வழுக்கிப் போகும். ரியாக்டிவ் ஓடு என்பதால் கடைசியில் திரும்பவும் செய்யும். அதுவும் முடியாத அளவுக்கு லேன் எரிந்துபோயிருந்தால் பிளாஸ்டிக் பந்தையே ஸ்ட்ரைக்குக்கும் போடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, லேன் கேட்பதைக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பின்பகுதிதான் காய்ந்திருக்கிறது, முன்னால் ஓரளவு எண்ணெய் இருக்கிறது என்றால் யூரித்தேன் வாங்குங்கள், நிறைவாக இருக்கும். அதேபோலக் குட்டையான பேட்டர்ன்களிலும். பிபிஏ (அமெரிக்கத் தொழில்முறை பவுலிங் சங்கம்) பயன்படுத்தும் சீட்டா பேட்டர்ன் 35 அடியை ஒட்டியது, மீதி 25 அடி முழுக்க உராய்வு. பேட்டர்னின் நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால் பந்து வெளிப்பக்கம் போய்த் திரும்ப வேண்டிய போர்டு கிடைக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. 35 அடிக்கு அது 4-ஆம் போர்டு, ஏறக்குறைய கட்டரை உரசிக்கொண்டு. அங்கே ரியாக்டிவ் பந்தை அனுப்பினால் எந்த நொடியில் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது. யூரித்தேன் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். இரண்டு போர்டு தவறி விட்டாலும் பாக்கெட்டின் பக்கத்திலாவது வந்து சேரும். சுவீடனின் யெஸ்பர் ஸ்வென்சன் இரண்டு கைகளாலும் இடது பக்கத்திலிருந்து மிக அதிகச் சுழற்சியோடு யூரித்தேன் பந்தைப் போட்டுப் பிபிஏ பட்டங்களை வென்றதைப் பார்த்த பிறகுதான் பல ஆட்டக்காரர்கள் இந்தப் பந்தின் பக்கம் திரும்பினார்கள். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. அவர் அளவுக்குச் சுழற்சி நமக்கு இல்லை. அவர் கையில் யூரித்தேன் செய்வதை நம் கையில் அது அப்படியே செய்யாது. அதனால்தான் கோரையும் மேற்பரப்பையும் உங்கள் கைக்கு ஏற்றபடி பார்க்க வேண்டும்.

கோரைப் பற்றி இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். ஒன்று ஆர்ஜி. அமெரிக்காவில் பவுலிங் விதிகளை வகுக்கும் யுஎஸ்பிசி அமைப்பின் விதிப்படி இது 2.46-க்கும் 2.80-க்கும் இடையில் இருக்க வேண்டும். எண் சிறிதாக இருந்தால் பந்து சீக்கிரம் உருளத் தொடங்கும், பெரிதாக இருந்தால் தாமதமாகும். மற்றது டிஃபரென்ஷியல், அதன் உச்ச அளவு 0.060. இது பந்தின் மேல் எண்ணெய்க் கோடுகள் எவ்வளவு விலகி விலகிப் படியும் என்பதைச் சொல்லும். விலகல் அதிகமானால் ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் காய்ந்த பகுதி லேனைத் தொடும், பிடி கூடும். காய்ந்த லேனில் கூடுதல் பிடி உங்களுக்குத் தேவையில்லை. ஆகவே ஆர்ஜி 2.55-க்கு மேல், டிஃபரென்ஷியல் 0.030-க்குக் கீழ், சமச்சீர் கோர் என்று தேடுங்கள். ஸ்டார்ம் பிட்ச் பிளாக் இந்த வகையைச் சேர்ந்தது. ஸ்டார்ம் மிக்ஸ் இன்னும் எளிய கோர் கொண்டது. ஹேமர் பிளாக் விடோ யூரித்தேன் இதற்கு நேர் எதிர். ரியாக்டிவ் பந்துகளில் பேர்பெற்ற கேஸ் மாஸ்க் என்ற வலுவான கோரை யூரித்தேன் ஓட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் ஓரளவு இருக்கும் லேனில் யூரித்தேன் போட விரும்புபவருக்கு அது அற்புதமான பந்து, உங்கள் தேவைக்கு அது வேண்டாம். பெயரில் யூரித்தேன் என்று இருப்பதை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். மாடல்கள் அடிக்கடி மாறும், சில தயாரிப்பிலிருந்தே போய்விடும். எண்களைப் பார்த்து வாங்கினால் எந்தப் பெயர் கடையில் இருந்தாலும் கவலையில்லை.

மேற்பரப்புதான் யூரித்தேனில் எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்கள் பளபளப்பா சொரசொரப்பா என்று கேட்டது மிகச் சரியான கேள்வி. ரியாக்டிவில் ஓட்டின் வேதியியல் பாதி வேலையைச் செய்துவிடும். யூரித்தேனில் அந்தச் சலுகை இல்லை, தேய்ப்புத் தாள் எந்த கிரிட் (எண் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும்) என்பதே பந்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. பிட்ச் பிளாக் தொழிற்சாலையிலிருந்து 1000 கிரிட்டில் வருகிறது. அந்தச் சொரசொரப்பு குட்டையான, ஆனால் எண்ணெய் அளவு நன்றாக இருக்கும் பேட்டர்னுக்குப் பொருத்தம். எண்ணெயும் குறைவான லேனில் அது முன்னாலேயே பிடித்துவிடும். உங்களுக்கு 2000-லிருந்து தொடங்கச் சொல்வேன். பந்து இன்னும் முன்னாலேயே நகர்ந்தால் 4000, அதற்கும் அடங்காவிட்டால் மெருகு. அதிகச் சொரசொரப்பிலிருந்து மெதுவாகக் குறைத்துக்கொண்டு வந்தால் எந்த இடத்தில் பந்து உங்கள் லேனோடு ஒத்துப்போகிறது என்று தெளிவாகத் தெரியும். நேரடியாக மெருகேற்றிவிட்டால் பந்து எண்ணெயில் பிளாஸ்டிக் போல வழுக்கிவிடலாம், அப்போது குற்றம் பந்தின் மேல் போய்விடும்.

இதிலேயே இன்னொன்று. யூரித்தேன் பந்தை ஆட ஆட லேன் அதன் சொரசொரப்பைத் தேய்த்து மழுங்கடிக்கும். வாங்கிய புதிதில் அருமையாக இருந்த பந்து சில வாரங்களில் ‘செத்துப்போய்விட்டது’ என்று சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மேற்பரப்பு வழவழப்பாகியிருக்கும், அவ்வளவுதான். ஒரே கிரிட் தாளால் எல்லாப் பக்கமும் சீராகத் தேய்த்துவிட்டால் பழையபடி வந்துவிடும். கடையில் ஸ்பின்னரில் (பந்தைச் சுழற்றும் கருவி) வைத்துத் தேய்ப்பது மிகச் சீராக இருக்கும். போட்டிகளில் ஆட்டம் தொடங்கிய பிறகு பந்தின் மேற்பரப்பைத் தேய்த்து மாற்ற அனுமதி கிடையாது, அதனால் முன்கூட்டியே செய்துவிட வேண்டும்.

துளை போடும் லேஅவுட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் சுழல் அச்சின் முனையிலிருந்து பந்தின் மேலுள்ள கோர்க் குறி (இதையும் பின் என்றே சொல்வார்கள்) எவ்வளவு தூரம் என்பதுதான் முதல் கேள்வி. மூன்றே கால், மூன்றரை அங்குலம் பக்கம் இருந்தால் எண்ணெய்க் கோடுகளின் விலகல் உச்சத்துக்குப் போகும், அது வேண்டாம். 5 அங்குலத்தை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். விலகல் குறையும், பந்து கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். பெரும்பாலோர் யூரித்தேனுக்குக் குறியை விரல்களுக்குக் கீழே வைத்துத் துளைக்கிறார்கள், அது வளைவை இன்னும் மென்மையாக்கும். உங்கள் சுழற்சி வேகத்துக்கு அவ்வளவு மென்மை தேவையில்லை என்பது என் கருத்து. விரல்களுக்கு மேலே வைத்தால் கடைசியில் கொஞ்சமாவது திரும்பும், 10-ஆம் பின்னைத் தட்ட அந்தக் கொஞ்சம் உதவும். ஆனால் டிஃபரென்ஷியல் குறைந்த பந்தில் லேஅவுட் செய்யும் வித்தியாசம் சிறியதுதான். துளைப்பவரிடம் வாதாடிக்கொண்டு நிற்பதைவிட அந்த நேரத்தை மேற்பரப்புக்குச் செலவிடலாம்.

எடையைக் குறைக்காதீர்கள். உங்கள் ரியாக்டிவ் பந்து எந்த எடையோ அதே எடையில் எடுங்கள். யூரித்தேன் குறைந்த கோணத்தில் நுழைவதால் பின்னில் மோதி விலகாமல் ஊடுருவிப் போக எடை தேவை.

வாங்கிய பிறகு எங்கே நின்று ஆடுவது என்பதும் மாறும். ரியாக்டிவோடு இடது பக்கம் நகர்ந்து நகர்ந்து ஆடிய பழக்கத்தில் யூரித்தேனையும் அங்கேயிருந்து வெளியே தள்ளினால் அது திரும்பி வராது. வலது பக்கம் வாருங்கள். இரண்டாவது ஆரோ, அதாவது 10-ஆம் போர்டு, அல்லது அதற்கும் வெளியே, கட்டருக்கு இணையாக நேராக விடுங்கள். காய்ந்த ஓரத்தில் நேராக ஆட முடிவதுதான் யூரித்தேனின் உண்மையான பலம். குறைந்த பரப்பில் சின்ன வளைவு, அதனால் தவறும் சின்னதாகவே இருக்கும். கையை முறுக்கி அதை வளைக்கப் பார்க்காதீர்கள். தளர்வாக, பந்தின் பின்னால் கையை வைத்து, முன்னோக்கி உருட்டிவிடுங்கள்.

ஆடிக்கொண்டே இருக்கும்போது கவனிக்க வேண்டியது எண்ணெய் நகர்வு. ரியாக்டிவ் பந்து எண்ணெயை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்விடும். யூரித்தேன் உறிஞ்சாது. அதன் மேல் ஒட்டிய எண்ணெயை அது காய்ந்த பின்பகுதியில் கொண்டுபோய்ப் பூசிவிடும். எண்ணெய்க் கோடுகளின் விலகலும் குறைவாக இருப்பதால் திரும்பத் திரும்ப அதே தடத்தில் பூசும். முதல் ஆட்டத்தில் சரியாகப் பாக்கெட்டுக்கு வந்த பந்து இரண்டாவது மூன்றாவது ஆட்டத்தில் வலது பக்கமாகத் தங்கிப்போவதைப் பார்ப்பீர்கள். ரியாக்டிவில் பழகியவர்கள் லேன் மேலும் காய்ந்துவிட்டது என்று நினைத்து இடது பக்கம் நகர்வார்கள், யூரித்தேனில் பெரும்பாலும் அதற்கு நேர்மாறாக வலது பக்கம் நகர வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் பந்தைத் துண்டால் முழுக்கத் துடையுங்கள், இந்தப் பந்துக்கு அது கட்டாயம். உங்களோடு அதே லேனில் ஆடுபவர் ரியாக்டிவ் போடுகிறார் என்றால் அவருடைய பந்தும் நீங்கள் பூசிய எண்ணெயில் வழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள், ஒரே அணியில் இருந்தால் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

பராமரிப்பு எளிது. உறிஞ்சிய எண்ணெயை வெளியே எடுக்க ரியாக்டிவுக்குச் செய்யும் வெந்நீர்க் குளியல் போன்ற வேலைகள் இதற்குத் தேவைப்படாது. ஆடி முடித்ததும் சுத்தம் செய்யும் திரவத்தால் துடைத்தால் போதும். காரின் பின்பெட்டியில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள், சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் எந்தப் பந்தும் விரிசல் விடும். யூரித்தேனின் ஆயுள் பொதுவாக ரியாக்டிவைவிட நீளமானது. பழைய பந்துகளுக்கு இன்னும் மவுசு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பழைய பந்தைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? வாங்கலாம், யூரித்தேனில் பழையது வாங்குவது ரியாக்டிவில் வாங்குவதைப் போல ஆபத்தானது அல்ல, ஏனென்றால் எண்ணெய் குடித்துச் சோர்ந்துபோகும் பிரச்சினை இல்லை. ஆனால் எண்களைக் கேளுங்கள். நண்பரிடம் இருப்பது வலுவான கோர் உள்ள பந்து என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். பந்தைக் கையில் எடுத்து, கட்டைவிரல் துளையின் விளிம்பிலும் இரு விரல் துளைகளுக்கு நடுவிலுள்ள பாலத்திலும் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பாலத்தில் சின்ன விரிசல் என்றால் சமாளிக்கலாம், அங்கிருந்து வெளியே ஓடியிருந்தால் வேண்டாம். அவருடைய கை அளவுக்குத் துளைத்ததை அப்படியே ஆடாதீர்கள். துளைகளை அடைத்து உங்கள் கைக்குத் திரும்பத் துளைக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சில சமயம் அந்தக் கூட்டுத்தொகை புதுப் பந்தின் விலையை நெருங்கிவிடும்.

விதிகள் பற்றி இரண்டு விஷயம். விரலுக்குப் பயன்படாத கூடுதல் துளை, அதாவது எடையைச் சமன் செய்யப் போட்ட துளை, பந்தில் இருந்தால் 2020 ஆகஸ்ட் முதல் யுஎஸ்பிசி விதிப்படி அதை அடைத்தாக வேண்டும். அடுத்தது ஓட்டின் கடினம். மென்மையான ஓடு கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் யூரித்தேன் பந்துகளின் கடினத்தைப் போட்டி அமைப்புகள் சில ஆண்டுகளாக மிக உன்னிப்பாகப் பார்க்கின்றன. 2016, 2017-இல் தயாரான பர்ப்பிள் ஹேமர் பந்துகளை 2022-இல் யுஎஸ்பிசி தன் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கியது. பந்தின் மேலுள்ள தொடர் எண்ணிலிருந்து தயாரான ஆண்டைத் தெரிந்துகொள்ளலாம். நண்பர் விற்பது ஊதா நிற ஹேமராக இருந்தால் முதலில் அந்த எண்ணைப் படித்துவிடுங்கள். பொழுதுபோக்காக ஆடுவதற்கு இது எதுவும் தடையில்லை. போட்டிகளில் ஆடும் எண்ணம் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் போட்டியின் நடப்பு அனுமதிப் பட்டியலில் பந்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.